ஆடி மாதப் பாதசாரிகள்

உ

ரோட்டுக்குக் கிழக்கே
22.1.2024

அன்புள்ள பீவி அக்காவுக்கு,

பொன்னுத்தங்கம் எழுதுவது. நானும் மகன் மகேஷ்குமாரும் இங்கே சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் உங்கள் கடை தெரிகிறது. நீங்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது தெரிகிறது, வாளியைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதும் தெரிகிறது. எதிர்த்த வீட்டுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிற முதல் பைத்தியம் நான்தான். சிரிக்காமல் படியுங்கள்.

முந்தாநாள் நம் இரண்டு வீட்டுக்கும் நேராக இருந்த வழியைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். ரோட்டை நாலு வழியாக்கியபோது நடுத்திட்டில் அந்த ஒரு வழியையாவது விட்டார்களே என்று இருந்தோம். அதுவும் போயிற்று. எனக்கு இருக்கிற சோலியெல்லாம் உங்கள் பக்கம்தான். பட்டாசு கம்பெனி வண்டி வெடிக்குக் குழாய் உருட்டுகிற தாளை உங்கள் கடையில்தான் இறக்குகிறது. உருட்டி முடித்த குழாய்ச் சாக்கை அங்கேதான் கொண்டுவந்து போட வேண்டும். விருதுநகர் பஸ் அங்கேதான் நிற்கும். நான் வாய் விட்டுப் பேசுகிற ஒரே ஆளும் அங்கேதான் இருக்கிறார்.

போனில் பேசலாம் என்றால் எனக்குக் காது ஏது? கம்பெனியில் பக்கத்து ஷெட் வெடித்த அன்றைக்கே அது போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் வாயை அகலமாகத் திறந்து காட்டுவார்கள். எனக்குத் தெரிவது பல்தான். என் மகன் வாய் மட்டும் ஓரளவு படிக்கத் தெரியும். நீங்கள் ஒருவர்தான் சோப்பு டப்பா அட்டையைக் கிழித்து எழுதிக் காட்டிப் பேசினீர்கள். அந்த அட்டை இல்லாமல் மூன்று நாளாக எனக்கு ஊர் நியாயம், ஊர்ச் சேதி ஒன்றும் தெரியவில்லை.

நேற்று, வண்டி திரும்புவதற்கு விட்டிருக்கிற வழி எங்கே என்று தேடி வடக்கே நடந்தேன். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் சரளை. அதற்கு அப்புறம் சீமைக் கருவேல முள். எதிரே வருகிற காரையாவது கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த் திசையில் வருகிற பைக்குகள் இருக்கிறதே, அவை முதுகுக்குப் பின்னால் வருகின்றன. சேலையில் காற்று பட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். ஒருவன் நிறுத்தி என்னை வைதான். நான் அவன் வீட்டு அடுப்படிக்குள் புகுந்துவிட்ட மாதிரி அவனுக்கு அப்படி ஒரு கோபம். என்ன வைதான் என்று கேட்காதது ஒரு நிம்மதி.

ஓடைப் பாலத்தில் சரளையும் முடிந்துவிட்டது. கைப்பிடிச் சுவர், அதை ஒட்டி வெள்ளைக் கோடு, அதை ஒட்டி லாரி. சுவரோடு சுவராக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன். பெரிய பச்சைப் பலகையில் கன்னியாகுமரிக்கு வழி போட்டிருக்கிறது, மதுரைக்கு வழி போட்டிருக்கிறது. எதிர்த்த வீட்டுக்கு வழி போடவில்லை. ஒருவழியாகத் திரும்புகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், நிற்பதற்கு அங்கே இடமே கிடையாது. நான் நிற்கிற இடம்தான் வண்டி வளைகிற இடம். கொஞ்ச நேரம் கோழி மாதிரி முன்னும் பின்னும் போய்விட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மகேஷிடம் சொன்னால், “அங்கன போயி என்னம்மா செய்யப் போற? நான்தான் பைக்குல கூட்டிட்டுப் போவேன்ல” என்கிறான். அவன் விடிந்ததும் திருத்தங்கல் அச்சாபீசுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான். எதிர்த்த வீட்டுக்குப் போகப் பெட்ரோல் போட வேண்டிய காலம் வந்துவிட்டது அக்கா.

பதில் போடுங்கள். அட்டையில் எழுதினாலும் சரிதான்.

உங்கள் தங்கச்சி,
பொன்னுத்தங்கம்


786

ரோட்டுக்கு மேற்கே
29.1.2024

அன்புத் தங்கத்துக்கு,

அக்கா பீவி ஜான் எழுதிக்கொண்டது. அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதை மாடியிலிருந்து வேறு பார்க்கிறாயா நீ.

தபால்காரர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் காட்டிச் சிரித்தார். “அம்மா, இது மதுரைக்குப் போயிட்டு வந்திருக்கு” என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பஞ்சாயத்து, வேறு தபாலாபீஸ். நீ எழுதிய காகிதம் உன்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறது.

நீ வடக்கே நடந்ததை இனிச் செய்யாதே. உன் சாக்கைக் கொண்டுவர ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். நடுத்திட்டு இடுப்பு உயரம்தான். இரண்டு பக்கமும் யாரோ கல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், ஏறி இறங்கலாம். உன் பக்கத்து ரோடு உன் கண்ணுக்குத் தெரியும். அதை நீயே பார்த்துத் தாண்டித் திட்டுக்கு வந்துவிடு. என் பக்கத்து ரோடு வளைவை ஒட்டி இருப்பதால் திட்டில் நிற்கிற உனக்குத் தெரியாது. அதை நான் பார்க்கிறேன். ஆசிப் நாகூரில் வாங்கி வந்த பச்சைத் துண்டு இருக்கிறதல்லவா, அதை எடுத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பேன். துண்டைத் தலைக்கு மேலே தூக்கினால் வா. இறக்கினால் நில். நான் தூக்காமல் ஒரு எட்டுகூட எடுத்து வைக்கக் கூடாது, சத்தியம் பண்ணு.

உனக்குக் காது இல்லை, சரி. எனக்கு இருக்கிற காதையும் கண்ணையும் வைத்து இரண்டு பேர் பிழைப்போம். ஆசிப் ‘விருதுநகருக்கு வந்து எங்களோடு இரும்மா’ என்று வாரா வாரம் கூப்பிடுகிறான். அவனுக்கு மிளகாய் மண்டியில் வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடம். பகல் முழுக்க நான் யாருக்கு அட்டையில் எழுதிக் காட்டுவேன்? நான் எங்கும் போகவில்லை.

உன் அக்கா,
பீவி ஜான்


உ

ரோட்டுக்குக் கிழக்கே
4.3.2024

அன்புள்ள பீவி அக்காவுக்கு,

நேற்றுத்தான் கடையில் பார்த்தோம். ஆனாலும் இந்தக் கதையை அட்டையில் எழுதி மாளாது. அதனால் கடிதம்.

முதலில் ஒரு வார்த்தை. உங்கள் பச்சைத் துண்டால் இப்போது தெருவே பிழைக்கிறது. என் பின்னால் முருகேஸ்வரி வர ஆரம்பித்தாள், அவள் பின்னால் பாண்டிமீனா. காது கேட்கிற மகராசிகள்கூட இப்போது உங்கள் துண்டைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள். உங்களுக்கு ஒரு விசில் வாங்கித் தரலாம் என்று முருகேஸ்வரி சொல்கிறாளாம். எனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கதை. வியாழக்கிழமை காலையில் மின்னுகிற சட்டை போட்ட இரண்டு பேர் எங்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். கையில் அட்டை, பேனா. பாண்டிமீனா பார்த்துவிட்டு, “ஏட்டி, இன்ஸ்பெக்‌ஷன்டீ! எல்லாத்தையும் உள்ள தூக்குங்க!” என்று கத்தினாளாம், தெரு முழுக்க ஓடினாள். அவள் ஓடிய வேகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. போன மாதம் வெடித்த வெடியிலிருந்து வீடு வீடாகச் சோதனை போடுகிறார்களே. நாங்கள் உருட்டுவது வெறுங்குழாய்தான். ஆனால் திரி ஒட்டுகிற வீடும் இரண்டு இருக்கிறதல்லவா? சாக்கு, தாள், பசைச் சட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அன்றைக்கும் மறுநாளும் அவர்கள் அங்கேயே நின்றார்கள். சாக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் யார் ரோட்டைத் தாண்டுவது? இரண்டு நாளும் ஈ காக்கா குறுக்கே போகவில்லை. நீங்களும் துண்டோடு நின்று பார்த்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவர்களில் ஒருவர் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டார். முருகேஸ்வரியிடம் என்னவோ கேட்டார், அவளுக்குப் புரியவில்லை. “எட்டாங்கிளாஸ் படிச்சவுக இவுகதான்” என்றாளாம், என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். அவர் தன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். அதில் ‘இவ்விடத்தில் பாதசாரிகள் சாலையைக் கடக்கிறார்களா? எப்போது?’ என்று அச்சடித்திருந்தது.

எனக்கு உயிரே வந்தது அக்கா. இவர்கள் இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஏற்பாடு செய்ய வந்தவர்கள்! நான் எல்லோருக்கும் சொன்னேன்: “பாதயாத்திரைக்காரவுகளக் கேக்காகடீ!” எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. ஆடி மாதம் மட்டும்தான் போவார்கள், அம்புட்டுக் கூட்டம் போகும், மற்ற மாதத்தில் யாரும் இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அவர் மறுபடியும் ஏதோ கேட்டார். ‘வேறு யாரும் கடப்பதில்லையா என்று கேட்டாக’ என்று முருகேஸ்வரி அப்புறம் உங்களை மாதிரியே எழுதிக் காட்டினாள். அதற்குப் பாண்டிமீனா, “அந்தப் பக்கம் எங்களுக்கு என்ன சார் சோலி?” என்று ஒரே போடாகப் போட்டாளாம். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எம்புட்டு சாமர்த்தியம் பார்த்தீர்களா எங்கள் தெருவுக்கு!

கட்டிலுக்கு அடியில் கிடந்ததில் பாதிக் குழாய் நசுங்கிவிட்டது. போகட்டும்.

உங்கள் தங்கச்சி,
பொன்னுத்தங்கம்


786

ரோட்டுக்கு மேற்கே
15.3.2024

அன்புத் தங்கத்துக்கு,

உன் கதையைப் படித்து நோன்போடு சிரித்ததில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்தப் பாவமெல்லாம் உன் கணக்கில்தான். என் கடைக்கும் அந்த மனிதர் வந்தார். உன் சாக்குகள் நாலு என் கல்லாவுக்குப் பின்னால் கிடந்தன. “அந்தப் பக்கத்திலிருந்து கடைக்கு ஆள் வருதா?” என்று கேட்டார். “இங்கனக்குள்ள ஆளுக்கு விக்கவே சாமான் பத்தல” என்று சொல்லி அனுப்பினேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே புத்தி.

நோன்புக் கஞ்சி உனக்கு அனுப்ப முடியாததுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வருஷா வருஷம் தூக்குச்சட்டியோடு நான் வந்து நிற்பேன், நீ வாசலிலேயே சுடச் சுடக் குடிப்பாய். இப்போது நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்தில் ரோட்டைப் பார்த்தால் கண்ணில் விளக்கு அடிக்கிறது. எது தூரத்தில் வருகிறது, எது பக்கத்தில் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. இருட்டு நேரத்தில் என் துண்டை நானே நம்ப மாட்டேன். பகலில் வந்து ஆறின கஞ்சியைக் குடித்துவிட்டுப் போ, சண்டை போடாதே.

உன் அக்கா,
பீவி ஜான்


உ

ரோட்டுக்குக் கிழக்கே
19.8.2024

அன்புள்ள பீவி அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமையை நினைத்து நினைத்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்ததும், உங்கள் கடை முன்னால் போட்டிருந்த மோர்ப்பந்தலுக்கு அவர்கள் வருவதற்காக நடுத்திட்டில் இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அடுக்கிப் படி கட்டினார்கள். அப்புறம் போலீஸ்காரர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் அக்கா. கார், பஸ், லாரி எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டன. நானும் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் கலந்துகொண்டேன். மாரியம்மா மன்னிக்கட்டும், நான் நடந்தது அவள் கோயிலுக்கு இல்லை, உங்கள் கடைக்கு. நடு ரோட்டில் வந்ததும் வேண்டுமென்றே நின்றேன். வடக்கே பார்த்தேன், தெற்கே பார்த்தேன். எல்லா வண்டியும் எனக்காக நிற்கிற மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்து ரோடு எம்புட்டு அகலம் என்று அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். முன்னெல்லாம் ஓடிக்கொண்டேதானே பார்த்தேன்!

உங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒன்று தீருகிற வரைக்கும் பேசினோமே. நீங்கள் எழுதிய ஒரு அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். ‘இப்படி ஒரு நாள் ஒரு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால்கூடப் போதும்’ என்று இருக்கிறது அதில்.

எனக்கு அது போதாது. முருகேஸ்வரி ஜூன் மாதம் எல்லோரிடமும் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ரோட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை, ஆடு போகிற அளவுக்கு இருந்தால்கூடப் போதும் என்று கேட்டிருக்கிறாள். மகள் பிரீத்தியைத் தனி ஆளாக நின்று காலேஜில் சேர்த்தவள் அவள். இதையும் விட மாட்டாள். ஆசிப்பை ஒரு எட்டு நெடுஞ்சாலை அலுவலகத்தில் விசாரித்து வரச் சொல்லுங்கள். பாதை வந்துவிட்டால் உங்கள் துண்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். நோன்புக் கஞ்சியும் சூடாகக் கிடைக்கும்.

உங்கள் தங்கச்சி,
பொன்னுத்தங்கம்


786

ரோட்டுக்கு மேற்கே
2.9.2024

அன்புத் தங்கத்துக்கு,

உட்கார்ந்து படி.

ஆசிப் போய் விசாரித்தான். பதிலைக் கையோடு வாங்கி வந்தான். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: ‘கள ஆய்வின்படி இவ்விடத்தில் பாதசாரிகள் இல்லை. ஆடி மாதத்தில் மட்டும் பாதசாரிகள் சாலையைக் கடந்து செல்வதாகப் பொதுமக்கள் தெரிவித்துள்ளனர். அந்நாளில் காவலர் மூலம் தக்க ஏற்பாடு செய்யப்படுகிறது. எனவே சுரங்கப்பாதைக்கான தேவை எழவில்லை.’

“யாரும்மா இப்பிடிச் சொன்னது?” என்று கேட்டான். நான் உன் கதையைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே தலையில் கையை வைத்துவிட்டான். “அம்மா, பாதசாரின்னா கோயிலுக்குப் போறவுக இல்ல. ரோட்டுல நடக்குறவுக. நீங்கதாம்மா பாதசாரி” என்றான்.

தங்கம், அறுபது வயசுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்கே அப்படி ஒருத்தி இல்லை என்றும் எழுதி வந்திருக்கிறது. நீ ஒருத்தி மட்டும் சொன்னதாக நினைத்து அழாதே. நானும் சொன்னேன், எல்லோரும் சொன்னோம். மறுபடி ஆய்வு செய்வார்களா என்று ஆசிப் கேட்டானாம். ரோட்டை ஆறு வழியாக்கும்போது செய்வார்களாம்.

முருகேஸ்வரியிடம் நீயே சொல்லிவிடு. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. தீபாவளி சீசன் ஆரம்பித்துவிட்டது. தாள் லோடு இரண்டு மடங்காக வந்து இறங்குகிறது. நீங்கள் வராமல் தீராது. துண்டோடு நிற்கிறேன். ஓடாதீர்கள், பார்த்து வாருங்கள்.

உன் அக்கா,
பீவி ஜான்


786

ரோட்டுக்கு மேற்கே
24.9.2024

தங்கம்,

முருகேஸ்வரி உடலை எடுத்துவிட்டார்கள் என்று ஆசிப் சொன்னான். அவள் வீட்டு வாசலில் வந்து நின்று பிரீத்தியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதற்கும் அதே ரோட்டைத்தான் தாண்ட வேண்டும்.

துண்டைத் தூக்கியது நான்தான். வண்டி எப்போதும் வருகிற திசையை மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கினேன். சுற்றிப் போகாமல் எதிர்த் திசையில் வந்த அந்தக் குட்டியானை லோடு வண்டியை நான் பார்க்கவில்லை. பார்த்ததும் கத்தினேன். அவள் என் குரலைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று நடு ரோட்டில் நின்றுவிட்டாள். நான் கத்தாமல் இருந்திருந்தால் போய்க்கொண்டே இருந்திருப்பாள், வந்து சேர்ந்திருப்பாள். நீ முன்னால் வந்திருந்தால் உனக்கு என் சத்தம் கேட்டிருக்காது, நீ பிழைத்திருப்பாய். இதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

பேப்பரில் ‘கவனக்குறைவாகச் சாலையைக் கடந்த பெண்’ என்று போட்டிருக்கிறார்கள். அவள் என்னைக் கவனித்துக்கொண்டுதான் வந்தாள்.

பீவி ஜான்


உ

ரோட்டுக்குக் கிழக்கே
30.9.2024

அன்புள்ள பீவி அக்காவுக்கு,

நான் அவளுக்குப் பின்னால் திட்டின் மேல் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தவள் நான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை எத்தனை அட்டையில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். குற்றம் சொல்வதென்றால் அந்த வண்டிக்காரனைச் சொல்ல வேண்டும். அவனைக் கேட்டால் திரும்புகிற வழி தூரத்தில் இருக்கிறது என்பான். வழியை அங்கே வைத்தவனைக் கேட்டால் இங்கே பாதசாரிகள் இல்லை என்று பொன்னுத்தங்கம் சொன்னாள் என்பான். போதும். நாம் யாரையும் கேட்க வேண்டாம்.

பிரீத்தி காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிறாள். அம்மா உருட்டி வைத்த குழாய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கம்பெனிக்கு அனுப்ப விட மாட்டேன் என்கிறாள்.

அக்கா, நீங்கள் கடை வாசலுக்கே வருவதில்லை. மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. இப்படித் தனியாக உட்கார்ந்து உங்களையே தின்றுகொண்டிருந்தால் நீங்களும் போய்விடுவீர்கள், அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் வருகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, 11ஆம் தேதி, நீங்கள் தொழுது முடித்த நேரத்துக்குத் திட்டில் நிற்பேன். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். நீங்கள் வராவிட்டாலும் நான் வருவேன். துண்டு இல்லாமலே இறங்கிவிடுவேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கச்சி,
பொன்னுத்தங்கம்


786

ரோட்டுக்கு மேற்கே
4.10.2024

பொன்னுத்தங்கத்துக்கு,

ஆசிப் என்னை விருதுநகருக்குக் கூட்டிப் போகிறான். வருகிற புதன்கிழமையே கிளம்புகிறேன். கடையைப் பூட்டிவிட்டேன். இனி இங்கே வந்து இருக்கிற எண்ணம் இல்லை.

வெள்ளிக்கிழமை நீ திட்டில் நின்றாலும் இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். துண்டு தூக்க ஆள் இல்லை. வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டைப் பார்க்கவா அந்த ரோட்டைத் தாண்டுவாய்? வராதே.

கம்பெனி வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டேன். உன் தாளை இனி உன் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, சாக்கையும் அங்கேயே எடுத்துக்கொள்வான். உனக்கு இந்தப் பக்கம் ஒரு சோலியும் இல்லை.

நல்லா இரு.

பீவி ஜான்


உ

ரோட்டுக்குக் கிழக்கே
21.10.2024

அன்புள்ள பீவி அக்காவுக்கு,

உங்கள் விருதுநகர் விலாசத்தை எழுதாமல் போய்விட்டீர்கள். அதனால் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். இது மதுரைக்குப் போய்விட்டு உங்களுக்கு வந்து சேரும்.

சொன்னபடியே 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை போனேன். திட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. எங்கள் பக்கத்து வெள்ளைக் கோட்டிலேயே நின்றேன். நீங்கள் ஊரில் இல்லை என்பதால் நின்றேன் என்று சொன்னால் அது பொய். கால் எழவில்லை அக்கா. முருகேஸ்வரியின் செருப்பு ஒன்று இன்னும் திட்டின் மேல் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். லாரி போகிற காற்றில் சேலை பறக்கிறது, நான் நிற்கிறேன். துண்டு இல்லாமலே இறங்குவேன் என்று எழுதினேனே, அந்த வீரமெல்லாம் காகிதத்தில்தான். நீங்கள் துண்டைத் தூக்கியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மகேஷ் முன்னால் வாய் விட்டு அழுதேன். என் அழுகை எப்படிக் கேட்டதோ, அவன் பயந்துவிட்டான்.

இப்போது இரண்டு ஓரத்திலும் இரும்புக் கிராதி அடிக்கிறார்கள். ஆள் உயரம். விபத்து நடந்ததால் பாதுகாப்பு ஏற்பாடாம். ஆடி மாதத்துக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தை வேறு வழியாக விடப் போகிறார்கள் என்று மகேஷ் சொன்னான். ஆக, அந்த ஒரு நாள் பாதசாரியும் இனி இல்லை. பிரீத்தி காலேஜை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து குழாய் உருட்டுகிறாள். நன்றாகத்தான் உருட்டுகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா, காது போனவளுக்குக் கண் கொஞ்சம் கூர்மை. பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டு மாடியில் தினமும் துணி காய்கிறது. உங்கள் வெள்ளைச் சேலை, தொழுகைக்குப் போடுகிற துப்பட்டி, கொடியின் கடைசியில் அந்தப் பச்சைத் துண்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அதை எடுக்கிறாள். நான் வந்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பொய். என் உயிருக்காகச் சொன்ன பொய்யை நான் உடைக்க மாட்டேன். நீங்கள் ஊரில் இல்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்கிறேன். ஆனால் ஒரு பொய்க்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கடையைத் திறந்துவிடுங்கள், ஆசிப் வேறு ஆளை உட்கார்த்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம். போட்டால் உறையில் விருதுநகர் முத்திரை இருக்காது, அப்புறம் நான் தெரியாத மாதிரி இருக்க முடியாது. நானும் இனி எழுத மாட்டேன். மாடியில் துணி காயப்போடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
பொன்னுத்தங்கம்